தற்செயலின் விலை: தொடர் சித்திரக்கதைகளில் நம்பகத்தன்மையை எடைபோடுதல்

பெல்ஜியச் சித்திரக்கதை மேதை எர்ஜேயின் ‘சூரியனின் கைதிகள்’ கதையில் டின்டினும் கேப்டன் ஹேடாக்கும் பேராசிரியர் கால்குலஸும் இன்காக்களிடம் சிக்கிக்கொள்கிறார்கள். தண்டனை, உயிரோடு எரிப்பு. அரசன் தரும் ஒரே சலுகை, முப்பது நாளுக்குள் தங்கள் சாவுக்கான நாளையும் வேளையையும் அவர்களே குறித்துக்கொள்ளலாம் என்பது. கையில் கிடைத்த ஒரு நாளிதழ்த் துண்டிலிருந்து சூரிய கிரகணம் வரப்போவதை அறியும் டின்டின், சரியாக அந்த வேளையைக் கேட்டு வாங்குகிறான். சிதை மூட்டப்படும் தறுவாயில் அவன் சூரியனுக்குக் கட்டளையிட, பகல் இருள்கிறது. இன்காக்கள் நடுங்கிப்போய் மூவரையும் விடுவிக்கிறார்கள்.

1946 முதல் 1948 வரை ‘டின்டின்’ வார இதழில் வெளிவந்த இக்கதை எர்ஜேயின் சிறந்த படைப்புகளில் ஒன்று. ஆனால் இந்தக் கிரகணக் காட்சி வாசகர்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எர்ஜேயே பிற்காலத்தில் இதற்காக வருந்தினார். அவர் வருந்திய காரணத்தைக் கவனிக்க வேண்டும். முப்பது நாளுக்குள் ஒரு கிரகணம் வந்து வாய்த்தது அவரை உறுத்தவில்லை. சூரியனையே தெய்வமாகக் கொண்டு, அதன் போக்கைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துவந்த ஒரு மக்களுக்குக் கிரகணம் பற்றி ஒன்றும் தெரியாது என்று காட்டியதுதான் உறுத்தியது.

இந்த இரண்டு குறைகளும் வெவ்வேறானவை. முதலாவது, நடந்தது அபூர்வம் என்ற குறை. இரண்டாவது, கதை தன் உலகத்தைத் தானே மறந்துவிட்டது என்ற குறை. வாசகர்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்து “லாஜிக் இடிக்கிறது” என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதிவிடுகிறோம். அபூர்வத்தை மன்னிக்கலாம், மறதியை மன்னிப்பது கடினம் என்பதே இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்து. வாரந்தோறும் மாதந்தோறும் துண்டு துண்டாக வெளிவரும் சித்திரக்கதைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

சாத்தியமும் நம்பகமும்

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகச் சொன்னவர் அரிஸ்டாட்டில். நடக்கக்கூடியதாக இருந்தும் நம்பமுடியாத நிகழ்ச்சியைவிட, நடக்கவே முடியாததாக இருந்தும் நம்பும்படி அமைந்த நிகழ்ச்சியே கவிஞனுக்கு உகந்தது என்று ‘கவிதையியல்’ நூலில் அவர் எழுதினார். முடிச்சு அவிழ்வது கதைக்குள்ளிருந்தே வரவேண்டும், மேடைப் பொறியில் தொங்கிவரும் தேவதையால் அல்ல என்றார். யூரிப்பிடீஸின் ‘மெடியா’ நாடக முடிவை இதற்காகவே குறைகூறினார். அதே நூலில் தற்செயலுக்கும் அவர் இடம் தருகிறார். ஆர்கோஸ் நகரில் மிட்டிஸ் என்பவனின் சிலை, அவனைக் கொன்றவன்மீதே விழுந்து அவனைக் கொன்றதாம். அது தற்செயல்தான். ஆனாலும் அதில் ஒரு நியாயம் தெரிவதால் அத்தகைய நிகழ்ச்சி மனத்தை அதிகம் பிணிக்கிறது என்கிறார்.

தொல்காப்பியத்தின் அகத்திணையியல் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைச் சொல்லி, இரண்டும் தழுவியதையே புலனெறி வழக்கு என்கிறது. உலகில் உள்ளபடியே சொல்வது ஒன்று, சுவைபடப் புனைந்து சொல்வது இன்னொன்று. சித்திரக்கதையை எடைபோடவும் இது நல்ல அளவுகோல். ஒவ்வொரு தொடரும் இந்த இரண்டையும் தனக்கேயான விகிதத்தில் கலந்து, முதல் சில பக்கங்களிலேயே வாசகரிடம் காட்டிவிடுகிறது. அந்த விகிதம் என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம். பாதி வழியில் சொல்லாமல் மாறுவதுதான் பிழை.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான உதாரணம் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் கென் புல்மர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ வரைந்த தொடர் அது. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாகத் தமிழுக்கு வந்து, இங்கே ஒரு தலைமுறையையே சித்திரக்கதைப் பித்தர்களாக்கியது. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவன்மீது உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அறிவியல்படி இது அறவே நடக்காதது. ஆனாலும் நாம் ஏற்றோம். காரணம் இரண்டு. இந்த அற்புதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: மின்சாரம் வேண்டும். ஒரு குறைபாடும் உண்டு: கை மறையாது. எதிரியின் கண்ணில் அந்தக் கை பட்டுவிடும் ஆபத்து ஒவ்வொரு சாகசத்திலும் கூடவே வருகிறது.

இதே தொடரில் நம்பகத்தன்மை எங்கே தடுமாறும் என்றால், மாயாவி அடைபடும் எந்தச் சிறையிலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மின்கம்பி இருந்துவிடும்போது. ஆள் மறைவது நடக்காத செயல், ஆனாலும் நம்பகமானது. கம்பி கிடைப்பது நடக்கக்கூடிய செயல், ஆனால் ஒவ்வொரு முறையும் கிடைத்தால் நம்பிக்கை தளரும். அரிஸ்டாட்டில் பிரித்துக்காட்டியது இதைத்தான்.

அச்சேறிய பக்கம்

நாவலாசிரியர் இருபதாம் அத்தியாயத்தில் ஒரு துப்பாக்கி தேவைப்பட்டால் மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப்போய் அதைச் சுவரில் மாட்டிவிட்டு வரலாம். தொடர் சித்திரக்கதையாளருக்கு அந்த வசதி இல்லை. மூன்றாம் அத்தியாயம் அச்சாகி, விற்று, வாசகர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தொடரின் பல வசதியான திருப்பங்கள் சோம்பலில் பிறப்பதில்லை, இந்த நெருக்கடியில் பிறக்கின்றன.

எர்ஜேயின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1929இல் ‘ல பெத்தி வான்த்தியெம்’ என்ற சிறுவர் இணைப்பிதழில் வாரம் இரண்டு பக்கம் என்று தொடங்கினார். 1940இல் ஜெர்மனி பெல்ஜியத்தை ஆக்கிரமித்ததும் அந்த இதழ் நின்றது, ‘கறுப்புத் தங்க தேசம்’ கதையும் பாதியில் நின்றது. பிறகு ‘ல சுவார்’ நாளிதழில், காகிதத் தட்டுப்பாட்டினால் நாளுக்கு ஒரு சிறு கீற்று மட்டும் வரையும் நிலை வந்தது. 1943 டிசம்பரில் அங்கே தொடங்கிய ‘ஏழு பளிங்குப் பந்துகள்’ 1944 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் விடுதலையானபோது நின்றது. அதன் தொடர்ச்சியான ‘சூரியனின் கைதிகள்’ வாசகர் கைக்கு வர இரண்டாண்டு ஆனது. இத்தனை இடையூறுகளுக்கு நடுவே, ஒவ்வொரு துண்டின் கடைசிக் கட்டத்திலும் நாயகனை ஓர் ஆபத்தில் நிறுத்தி, அடுத்த துண்டின் முதல் கட்டத்தில் மீட்டாக வேண்டும். ‘தொடரும்’ என்று முடிகிற கதை, தன் அமைப்பினாலேயே தற்செயலைக் கேட்டு வாங்குகிறது.

ஜப்பானில் அழுத்தம் இன்னும் கடுமை. ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழ் ஒவ்வொரு இதழிலும் வாசகர் கருத்து அஞ்சலட்டை வைத்து, எந்தத் தொடர் பிடித்தது என்று கேட்கும். தொடர்ந்து பின்தங்கும் தொடர் நிறுத்தப்படும். அடுத்த ஆண்டும் தன் கதை உயிரோடிருக்குமா என்று தெரியாதவர் பத்தாண்டுத் திட்டம் போட முடியாது.

எர்ஜேக்கு ஒரு வாய்ப்பு மட்டும் கிடைத்தது. தொடர் முடிந்தபின் நூலாக்கும்போது திருத்தலாம். ‘கறுப்புத் தீவு’ கதையை இங்கிலாந்தில் வெளியிட முன்வந்த மெத்யூன் பதிப்பகம், பிரிட்டிஷ் வாழ்க்கையைக் காட்டியதில் 131 பிழைகள் இருப்பதாகப் பட்டியலிட்டது. எர்ஜேயின் உதவியாளர் பாப் டி மூர் நேரில் போய்க் காட்சிகளைக் குறித்துவர, 1966இல் கதை முழுவதும் புதிதாக வரையப்பட்டது. இரயில், சீருடை, தீயணைப்பு வண்டி எல்லாம் துல்லியமாயின. கதையின் அதிர்ஷ்டமான திருப்பங்கள் மட்டும் அப்படியே நின்றன. விவரத்தின் துல்லியம் வேறு, கதையின் நம்பகம் வேறு. முந்தையதைப் பட்டியல் போட்டுத் திருத்திவிடலாம். பிந்தையது எலும்புக்கூட்டில் இருப்பதால் சீருடையை மாற்றினால் மாறாது.

தொடக்கத்தில் வரும் தற்செயல்

அதே எர்ஜே 1942–43இல் வரைந்த ‘யூனிகார்னின் இரகசியம்’ தற்செயலைக் கையாள்வதில் ஒரு பாடநூல். பழைய பொருட்கள் விற்கும் சந்தையில் டின்டின் ஒரு பழங்காலக் கப்பல் பொம்மையை நண்பர் ஹேடாக்குக்குப் பரிசளிக்க வாங்குகிறான். வாங்கிய அடுத்த நொடியே இரண்டு பேர் அதற்குப் போட்டிபோடுகிறார்கள். ஹேடாக்கின் வீட்டுச் சுவரிலோ அவருடைய முன்னோரின் ஓவியம் தொங்குகிறது, அதன் பின்னணியில் அதே கப்பல். ஒரு நகரத்துச் சந்தையில் வாங்கிய பொம்மை, வாங்கியவனின் நண்பரது குலக் கப்பலாக இருப்பது எவ்வளவு அபூர்வம்! இருந்தும் யாரும் முகம் சுளிப்பதில்லை. இது ஒரு சிக்கலைத் தொடங்கிவைக்கிறதே தவிர எதையும் தீர்க்கவில்லை. இப்படியொரு தற்செயல் நடக்காத மற்ற நாட்களைப் பற்றி யாரும் கதை எழுதியிருக்க மாட்டார்கள் என்பதை வாசக மனம் தானே ஏற்றுக்கொள்கிறது.

இதே கதையின் முடிவில் வரும் தற்செயல் இதைவிடச் சுவையானது. எல்லோரும் தேடும் மூன்று தோல்சுருள்களில் இரண்டு, எதிரியின் சட்டைப்பையிலிருந்து யாரோ ஒரு பிக்பாக்கெட் பணப்பையோடு திருடிவிட்டதால் தொலைந்துபோகின்றன. அந்தத் திருடனைப் பிடித்ததும் அவை கிடைக்கின்றன. இதை மட்டும் தனியாகச் சொன்னால் காதில் பூச்சுற்றலாகத் தோன்றும். ஆனால் கதையைத் திருப்பிப் பாருங்கள். பணப்பைத் திருட்டு முதல் பக்கத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. இரட்டைத் துப்பறிவாளர்கள் திரும்பத் திரும்பப் பையைப் பறிகொடுப்பதைப் பார்த்து நாம் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறோம். நகைச்சுவை என்று நினைத்து நாம் கடந்துபோனதெல்லாம் முடிவுக்கான ஏற்பாடு.

சித்திரக்கதைக்கே உரிய ஒரு வலிமை இங்கே தெரிகிறது. உரைநடையில் ஒரு பொருளைக் குறிப்பிட்டாலே வாசகருக்கு ஐயம் வந்துவிடும். ஓவியத்திலோ அது பின்னணியில் சும்மா இருக்கலாம். எழுத்தாளர் சொல்லாமல் விட்டதை ஓவியர் காட்டிவைக்க முடியும். ஆகவே சித்திரக்கதையில் ‘முன்பே சொல்லவில்லையே’ என்று குற்றம்சாட்டுமுன், முன்பே வரையப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பின்னோக்கி எழுதப்படும் காரணம்

திருத்த முடியாத பக்கங்களோடு வாழும் தொடர்கதையாளருக்கு ஒரு வழி உண்டு. அச்சேறியதை மாற்றாமல் அதன் பொருளை மாற்றலாம். ‘ஃபாரோவின் சுருட்டுகள்’ கதையில் ராஸ்டபோபுலஸ் என்ற திரைப்பட அதிபரை டின்டின் கப்பலிலும் பிறகு பாலைவனத்துப் படப்பிடிப்பிலும் சந்திக்கிறான். படிக்கும்போது இவை வெறும் தற்செயல்கள். அடுத்து 1934–35இல் வந்த ‘நீலத் தாமரை’யில் போதைமருந்துக் கும்பலின் தலைவனே அவர்தான் என்று தெரிந்ததும், பழைய சந்திப்புகள் புதிய நிறம் கொள்கின்றன. வசதியாகத் தெரிந்தது பின்னால் தடயமாகிறது.

அகிரா தோரியாமாவின் ‘டிராகன் பால்’ 1984 முதல் 1995 வரை 519 அத்தியாயங்கள் ஓடிய தொடர். முன்கூட்டித் திட்டமிடாமல் வாரம்தோறும் யோசித்து வரைந்தவர் அவர். நாயகன் கோகுவுக்கு இருந்த வால், சீனத்தின் ‘மேற்கு நோக்கிய பயணம்’ காவியத்துக் குரங்கு நாயகனை ஒட்டி வந்த ஒரு வேடிக்கை. முழுநிலவைப் பார்த்தால் அவன் ராட்சதக் குரங்காக மாறுவதும் அப்படியே. 1988இல் திடீரென ஓர் அந்நியன் விண்ணிலிருந்து இறங்கி, “நீ வேற்றுக்கோள் போர்க்குடியில் பிறந்தவன், நான் உன் அண்ணன்” என்கிறான். கதையின் தேவைக்காகப் புதிய உறவைக் கொண்டுவந்து இறக்குவது எல்லோரும் கேலிசெய்யும் உத்தி. ஆனாலும் இங்கே அது நிலைத்தது. வால், நிலவு, குழந்தைக்கு மீறிய பலம் என்று அதுவரை விளக்கமின்றிக் கிடந்த மூன்றையும் அந்த ஒரே செய்தி விளக்கிவிட்டது. பழைய பக்கங்களில் ஒன்றைக்கூட அது பொய்யாக்கவில்லை.

இதே தொடர் எதிர்மறைப் பாடத்தையும் தருகிறது. ஏழு மணிகளைச் சேர்த்தால் ஒரு டிராகன் தோன்றி ஒரு வரம் தரும், இறந்தவரையும் எழுப்பும். எல்லா மரணத்தையும் துடைத்துவிடக்கூடிய இந்த ஏற்பாட்டுக்குத் தொடக்கத்தில் கடுமையான வேலிகள் இருந்தன. வரம் தந்ததும் மணிகள் ஓராண்டுக்குக் கல்லாகிவிடும். ஒருவரை ஒருமுறைதான் எழுப்பலாம். மணிகளைப் படைத்தவர் இறந்தால் மணிகளும் இல்லை. இந்த வேலிகள்தாம் நாயகர்களை நாமெக் என்ற தொலைதூரக் கோளுக்குத் துரத்தி, தொடரின் உச்சமான பகுதியை உண்டாக்கின. பின்னர் மூன்று வரம் தரும் மணிகள் வந்தன, பூமியின் மணிகளும் வலுவூட்டப்பட்டன, ஒரே வரத்தில் எத்தனையோ பேரை எழுப்ப முடிந்தது. வேலி தளரத் தளர மரணத்தின் கனமும் குறைந்தது. வசதி முதலிலிருந்தே இருந்தது, நாம் அதை ஏற்றும் இருந்தோம். அதன் விலை குறைந்தபோதுதான் கதை சரிந்தது.

பின்னோக்கிய விளக்கம் எப்போது துரோகமாகிறது என்பதற்கு அமெரிக்காவின் ‘எக்ஸ்-மென்’ தொடரில் சான்று இருக்கிறது. கிறிஸ் கிளேர்மாண்டும் ஜான் பைர்னும் உருவாக்கிய கதையில், பீனிக்ஸ் சக்தி தலைக்கேறிய ஜீன் கிரே ஒரு சூரியனை விழுங்க, அதைச் சுற்றிய கோளின் மக்கள் கோடிக்கணக்கில் மடிகிறார்கள். முதலில் போட்ட முடிவில் அவள் சக்தியிழந்து உயிரோடிருப்பதாக இருந்தது. தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் அதை ஏற்கவில்லை. அத்தனை பெரிய குற்றத்துக்கு ஈடான விலை வேண்டும் என்றார். 1980 செப்டம்பர் தேதியிட்ட 137ஆம் இதழில் ஜீன் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறாள். அமெரிக்கச் சித்திரக்கதையின் மறக்கமுடியாத மரணங்களில் அது ஒன்று.

1986இல் பழைய குழுவை வைத்துப் புதிய தொடர் தொடங்க ஜீன் தேவைப்பட்டாள். அதனால் ஒரு விளக்கம் வந்தது. குற்றம் செய்ததும் இறந்ததும் ஜீன் அல்ல, அவள் உருவை எடுத்துக்கொண்ட பீனிக்ஸ் சக்தி. உண்மையான ஜீன் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள். தர்க்கரீதியாக இதில் ஓட்டையில்லை. ஆனால் கோகுவின் பிறப்புச் செய்தி பழைய பக்கங்களுக்குப் பொருள் கூட்டியது. இதுவோ பழைய பக்கங்களிலிருந்து பொருளை எடுத்துவிட்டது. குற்றமும் அவளுடையதல்ல, தியாகமும் அவளுடையதல்ல என்றானபின், ஆறாண்டுக்கு முன் வாசகர் உணர்ந்த துயரம் யாருக்கானது? ஓட்டையில்லாத விளக்கம்கூடக் கதையைக் கெடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் வாசகரின் பங்கையும் சொல்ல வேண்டும். 1960களில் மார்வெல் நிறுவனத்தின் ஸ்டான் லீ, இதழ்களில் பிழை கண்டு எழுதியவர்களுக்கு ‘நோ-பிரைஸ்’ என்ற பரிசை அறிவித்தார். அதை வென்றவருக்கு வருவது பரிசு என்று அச்சிட்ட வெறும் உறை மட்டும். நாளடைவில் அந்தப் பரிசு, பிழையைக் காட்டுவதோடு நிற்காமல் அது ஏன் பிழையல்ல என்று நயமாக விளக்குபவர்களுக்கும் உரியதானது. தொடர் வாசகர் குறைகாண்பவர் மட்டுமல்லர், கதையைக் காப்பாற்ற விரும்புபவர் என்பதை அந்நிறுவனம் புரிந்துவைத்திருந்தது. அந்த நல்லெண்ணம் பெரிய செல்வம். அதையே நம்பி ஆசிரியர் கவனக்குறைவாக எழுதத் தொடங்கினால் செல்வம் கரைந்துவிடும்.

தீயவனுக்கு உதவும் தற்செயல்

நாயகனைச் சிக்கலில் மாட்டும் தற்செயல் நல்லது, மீட்கும் தற்செயல் தீது என்பது எழுத்துப் பட்டறைகளில் சொல்லப்படும் விதி. பெரும்பாலும் சரியான விதிதான். 2003 டிசம்பர் முதல் 2006 மே வரை 108 அத்தியாயங்களாக வந்த ‘டெத் நோட்’ அதைச் சோதிக்கிறது. சுகுமி ஓபா எழுத, தகேஷி ஒபாதா வரைந்த இத்தொடரின் நாயகன் லைட் ஒரு கொலைகாரன். பெயரை எழுதினால் ஆள் சாகும் குறிப்பேடு அவனிடம் இருக்கிறது.

அவன் கொன்ற எஃப்பிஐ அதிகாரியின் வருங்கால மனைவி நவோமி மிசோரா, யாரும் எட்டாத உண்மையைத் தனியாகவே எட்டிவிடுகிறாள். அதைச் சொல்லக் காவல் தலைமையகத்துக்கு வருகிறாள். அந்த வேளையில், அப்பாவுக்கு மாற்றுடை கொடுக்க லைட்டும் அங்கே வந்து நிற்கிறான். அப்பட்டமான தற்செயல், அதுவும் நாயகனுக்குச் சாதகமானது. விதிப்படி இது தோற்றிருக்க வேண்டும். ஆனால் தொடரின் மிக இறுக்கமான அத்தியாயங்களில் இதுவும் ஒன்று.

காரணத்தை ஆராய்ந்தால் இரண்டு கிடைக்கின்றன. தற்செயல் தந்தது சந்திப்பை மட்டும். அவள் பொய்ப்பெயர் சொல்லியிருப்பதால் குறிப்பேடு பயன்படாது. உண்மைப் பெயரை நைச்சியமாகப் பேசிப் பிடுங்க வேண்டும், அதுவும் அவள் வேறு யாரையும் சந்திப்பதற்குள். அடுத்து, அவன் வெற்றி நமக்கு ஆறுதலைத் தருவதில்லை, அச்சத்தைத் தருகிறது. அதனால் அது கதையின் இறுக்கத்தைக் கூட்டுகிறது. நவோமி எதிர்பார்த்ததைவிட வேகமாக உண்மையை நெருங்கிவிட்டதால் அவளைக் கதையிலிருந்து அகற்ற நேர்ந்தது என்று ஓபா பின்னர் தெரிவித்தார். அதாவது இது நெருக்கடியில் பிறந்த வசதிதான். ஆனால் அந்த நெருக்கடியை மறைக்காமல் காட்சியின் பதற்றமாக மாற்றிவிட்டார்கள்.

குறிப்பேட்டின் விதிகள் அத்தியாயங்களுக்கு இடையே தனிப் பக்கமாக அச்சிடப்பட்டன. பிற்பகுதியில் விதிகள் பெருகியபோது, தேவைக்கேற்பச் சேர்க்கப்படுகின்றன என்ற ஐயம் எழுந்தது நியாயமே. அந்த ஐயத்தையே கதை ஆயுதமாக்கியது. பதின்மூன்று நாளுக்குள் அடுத்த பெயரை எழுதாவிட்டால் எழுதியவனே சாவான் என்ற விதி, லைட் திட்டமிட்டுச் சேர்த்த பொய். கதைக்குள் இருப்பவர்களையும் அது ஏமாற்றியது, அவர்களது விசாரணையையே திசைதிருப்பியது. வசதியான விதியைச் சேர்த்ததற்கான பொறுப்பை ஆசிரியர் ஒரு பாத்திரத்தின் தலையில் வைத்தார். அந்தப் பாத்திரம் கடைசியில் அதற்குப் பதில்சொல்லவும் நேர்ந்தது.

மறதியின் மேல் எழுந்த ‘இரத்தப் படலம்’

தமிழ் சித்திரக்கதை வாசகர்கள் நெடுங்காலம் காத்திருந்து நேசித்த தொடர் ‘இரத்தப் படலம்’. ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்து 1984இல் ‘ஸ்பிரூ’ இதழில் தொடங்கியது. தலையில் குண்டடியோடு கரையொதுங்கும் ஒருவன். பழைய நினைவு ஏதுமில்லை. கழுத்தெலும்பருகே ரோமன் எண்ணில் பதின்மூன்று என்ற பச்சைக்குத்து. அமெரிக்க அதிபரைச் சுட்டவன் அவன்தான் என்று உலகமே தேடுகிறது. ராபர்ட் லட்லமின் 1980ஆம் ஆண்டு நாவலான ‘தி போர்ன் ஐடென்டிட்டி’யின் சாயலும், கென்னடி கொலையின் நிழலும் இதில் உண்டு.

தன்னையே மறக்கும் அளவுக்கான, ஆண்டுக்கணக்கில் நீளும் மறதி நிஜ வாழ்க்கையில் மிக அரிது. ஆனால் அது முதல் பக்கத்திலேயே முன்வைக்கப்பட்டதால் அது தொடரின் நாடக வழக்கு. அதை ஏற்றுத்தான் உள்ளே நுழைகிறோம். முதல் ஐந்து பாகங்கள் அந்த ஏற்பை மதித்தன. அவன் முகம் ஏன் ஸ்டீவ் ரோலண்ட் என்ற இன்னொருவனின் முகமாக இருக்கிறது என்பதற்கு அறுவைச் சிகிச்சையும் உளவுத் திட்டமும் கலந்த ஒரு விடை வந்தது. சதிக்கும் ஒரு முடிவு கிடைத்தது.

தொடர் அங்கே நிற்கவில்லை. ஒரு பெயர் உறுதியானதும் இன்னொரு பெயர் முளைத்தது. ரோலண்ட், ஜேசன் ஃப்ளை, கெல்லி பிரயன் என்று அடையாளங்கள் அடுக்கடுக்காக வந்தன. மறதி ஆரம்பத்தில் கதையின் சிக்கல். போகப்போக அது கதையை நீட்டும் கருவியாயிற்று. 1999இல் வந்த பதின்மூன்றாம் பாகம் வழக்கமான சித்திரக்கதை அல்ல, அதுவரை நடந்ததைக் கற்பனைப் பத்திரிகையாளர்கள் விசாரித்துத் தொகுத்த கோப்பு. வாசகருக்கு அப்படியொரு வழிகாட்டி தேவைப்பட்டதே முடிச்சுகள் எவ்வளவு பெருகிவிட்டன என்பதைச் சொல்லும்.

2010இல் லயன் காமிக்ஸ் பதினெட்டுப் பாகங்களையும் ஒரே கனத்த தொகுப்பாக வெளியிட்டபோது தமிழ் வாசகருக்கு ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது. ஆண்டுக்கொரு பாகமாகப் படித்த கதையை ஒரே மூச்சில் படிக்கலாம். துண்டு துண்டாகப் படிக்கும்போது காத்திருப்பே பல தற்செயல்களை மறக்கடித்துவிடும். தொகுப்பிலோ ஒரே வகை மீட்பு மூன்றாம் முறை வரும்போது கண்ணில் பட்டுவிடும். மாறாக, தனித்தனியாகத் தளர்ந்து தெரிந்த இழைகள் தொகுப்பில் இறுகிநிற்பதையும் காணலாம். இரண்டு அனுபவமும் உண்மையே. வாரக் கீற்றுக்காகக் கட்டப்பட்டதைத் தொகுப்பின் அளவுகோலால் மட்டும் தள்ளிவிடுவது முறையல்ல.

என் தீர்ப்பு இது. முதல் ஐந்து பாகங்கள் கட்டுக்கோப்பில் முழுமையானவை. பின்னவை அவற்றின் வலிமையை எட்டவில்லை. ஆனாலும் ஒவ்வொரு புதிய அடையாளமும் நாயகனுக்குப் புதிய குற்றவுணர்வையும் புதிய இழப்பையும் கொண்டுவந்ததால் அவை வெறும் நீட்டலாகிவிடவில்லை. மறதிக்கு அவன் விலை கொடுத்துக்கொண்டே இருந்தான்.

எடைபோடும் முறை

இத்தனை கதைகளையும் ஒருங்கே பார்த்தால், வசதியான திருப்பம் கதையாசிரியர் வாசகரிடம் வாங்கும் கடன் என்று சொல்லலாம். கடன் வாங்குவது குற்றமில்லை. தொடர்கதை அது இல்லாமல் நடக்காது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதலில், எப்போது வாங்கினார்? தொடக்கத்தில் வாங்கியது முதலீடு, உச்சக்கட்டத்தில் வாங்கியது தப்பித்தல். அடுத்து, கேட்டுத்தான் வாங்கினாரா? முன்பக்கங்களில், குறைந்தபட்சம் ஓவியத்தின் ஓரத்திலாவது, அதற்கான அறிகுறி இருக்கிறதா? மூன்றாவது, யார் திருப்பிக் கொடுத்தார்கள்? திருப்பத்தால் பயனடைந்த பாத்திரம் அதற்காக எதையாவது இழந்ததா, அல்லது அடுத்த அத்தியாயத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா? நான்காவதும் முதன்மையானதும்: அந்தத் திருப்பம் முன்னே அச்சான பக்கங்களுக்குப் பொருள் கூட்டியதா, குறைத்ததா?

இந்தக் கேள்விகளைக் கேட்டால் பல தீர்ப்புகள் மாறும். இயற்பியலுக்கு ஒவ்வாத எத்தனையோ காட்சிகள் தேறிவிடும். நிஜத்தில் நடக்கக்கூடிய எத்தனையோ காட்சிகள் தேறாமல் போகும். ஒரு மக்களை அறிவில்லாதவர்களாகக் காட்டி நாயகனைக் காப்பாற்றும் திருப்பம், கிரகணம் எவ்வளவு துல்லியமாக வரையப்பட்டிருந்தாலும், தேறாது. அதன் விலையைக் கொடுத்தது நாயகனல்ல, அந்த மக்கள்.

குறை சொல்வது வாசகரின் உரிமை. அதைச் சரியாகச் சொல்வது வாசகரின் பொறுப்பு. ஒரு தொடரில் ஏதேனும் ஒரு திருப்பம் உங்களை உறுத்தினால், உடனே ஒதுக்கிவிடாதீர்கள். முந்தைய பாகங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் தன் பழைய பக்கங்களுக்கு உண்மையாக இருந்திருந்தால் அந்தக் கதையை விட்டுக்கொடுக்காதீர்கள். இருந்திருக்கவில்லையென்றால் எந்தப் பக்கத்தை அவர் மறந்தார் என்பதைக் குறிப்பிட்டே சொல்லுங்கள். படைப்பாளிக்கும் அடுத்த வாசகருக்கும் பயன்படும் விமரிசனம் அதுவே.